தூக்குவாளியும் சம்படமும்

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போதே அந்தத் தெருவில் எண்ணெய் மணம் கிளம்பிவிட்டது. ஒரு வீட்டில் முறுக்கு, ஒரு வீட்டில் அதிரசம், இன்னொரு வீட்டில் அடிபிடித்த மைசூர்பாகு. இசக்கிச்செல்வியின் வீட்டில் மட்டும் வழக்கம்போல ரசம் மணந்தது.

காரணம் இதுதான். அப்பாவின் பெரியப்பா ஒருவர் பனவடலிசத்திரத்தில் இருந்தார். ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம் அவர் இறந்துபோனார். பங்காளி வீட்டில் துக்கம் என்றால் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. புதுத்துணி கிடையாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது.

செல்வி அந்தத் தாத்தாவை இரண்டு மூன்று கல்யாண வீடுகளில்தான் பார்த்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம், "எத்தனாங் கிளாஸ்?" என்று கேட்பார். இவள் சொல்வாள். "அப்ப பெரிய பிள்ளைதான்" என்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். நல்ல தாத்தா.

"அந்தத் தாத்தாவுக்கு முறுக்கு பிடிக்காதாம்மா?" என்று கேட்டான் தம்பி அருண்பாண்டியன். அவன் இரண்டாம் வகுப்பு.

"நல்லாப் பிடிக்கும்ல" என்றாள் அம்மா.

"பின்ன ஏன் நம்மளச் சுட வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாவ?"

அம்மா அவன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

அருணுக்குப் பலகாரம் இல்லை என்பதுதான் கவலை. செல்வியின் கவலை வேறு. அவள் ஆறாம் வகுப்பு. கவலைப்படத் தகுந்த வயது.

மற்ற வருடங்களில் அம்மா சுடும் முந்திரிக்கொத்துக்கு அந்தத் தெருவே காத்திருக்கும். முந்திரிக்கொத்தில் முந்திரி இருக்காது. வறுத்த பாசிப்பயற்று மாவில் வெல்லப்பாகு ஊற்றி, உருண்டை பிடித்து, மாவில் முக்கிப் பொரிப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் அம்மாவின் பாகுப் பதம் வேறு யாருக்கும் வந்ததில்லை. "உங்க அம்மா கை வேற கைட்டி" என்று எல்லாரும் செல்வியிடம்தான் சொல்வார்கள். ஏதோ அவளே சுட்டதுபோல அவளும் தலையை ஆட்டிக்கொள்வாள்.

இந்த வருடம் அது இல்லை. போனால் போகட்டும் என்று இருந்திருப்பாள். பள்ளிக்கு லீவு விடும் நாளில் எதிர்வீட்டுத் துரைப்பாண்டி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

"ஏட்டி செல்வி, இந்தத் தீபாவளிக்கு எங்க அம்மாதான் உங்களுக்கு முறுக்கு தரப்போறாவ" என்றான் அவன்.

"எப்பவும் தாரதுதான?"

"எப்பவும் நீங்களும் தருவிய. இந்த வருஷம் நாங்க தருவோம், நீங்க வாங்கிக்கிடுவிய. பாவம்லா நீங்க."

துரைப்பாண்டி நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அந்தப் 'பாவம்' செல்விக்குச் சுருக்கென்று தைத்தது. யார் பாவம்? நாங்களா? வீடு வரும்வரை அவனோடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவனுக்குப் புரியவும் இல்லை.

அன்று மாலை அம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா சங்கரசுப்பு விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டுபவர். பெரிய கோன்களில் வரும் நூலை, தறிக்குள் ஓடும் சின்னக் குச்சிகளில் அம்மா வீட்டிலிருந்தே சுற்றிக் கொடுப்பாள். அதற்குத்தான் தார் சுற்றுவது என்று பெயர்.

"அம்மா, பலகாரம் கொண்டு வார ஏனத்த நாம எப்படித் திருப்பிக் கொடுக்க?"

"கையாலதான்."

"விளையாடாதம்மா. வெறும் ஏனமாவா கொடுக்கணும்?"

அம்மா கையை நிறுத்தினாள். அந்தத் தெருவில் எந்தப் பாத்திரமும் வெறுமையாகத் திரும்பிப் போகாது. பதிலுக்குப் பலகாரம் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது உள்ளே இருக்கும். அது எல்லா வீட்டுக்கும் பழகிப்போன முறை.

"துக்க வீட்டு அடுப்புல இருந்து ஒண்ணும் வெளிய போகக் கூடாதுட்டி" என்றாள் அம்மா. "இந்த ஒரு வருஷம் சீனி கூட வைக்க மாட்டோம். கழுவித் துடைச்சு வெறுமனதான் கொடுக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், யாரும் தப்பா நினைக்க மாட்டாவ."

செல்வி அங்கேயே நின்றாள். அம்மாவின் காலடியில் தீர்ந்துபோன கோன்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் நூல் மிஞ்சியிருந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள், மயில்கழுத்து நிறம். தறிக்கு உதவாத மிச்சம். செல்வி அவற்றை எடுத்துப் பின்னுவாள், முடிவாள், தன் சடைக்குக் குஞ்சம் கட்டிக்கொள்வாள்.

"அடுப்புல இருந்துதான போகக் கூடாது?" என்று கேட்டாள். "தறியில இருந்து போகலாம்லா?"

அம்மா அவளைப் பார்த்தாள். கோன்களைப் பார்த்தாள். "போகலாம்..." என்று இழுத்தாள். "ஆனா பாத்துக்க. நம்ம வீட்டுல இருந்து ஒண்ணு போயி, நாளைக்கு அங்கன ஒரு சண்டையோ காய்ச்சலோ வந்துச்சுன்னா, 'துக்க வீட்டுல இருந்து வந்துச்சு, அதான்'னு சொல்லிருவாவ. அந்தச் சொல்லு எனக்குத் தாங்காது மக்கா."

"ஒண்ணும் வராதும்மா."

"என்னமும் பண்ணு. ஆனா அழகாப் பண்ணு. கொடுத்தா நம்ம வீட்டுப் பேரு சொல்லணும்."

அந்தக் கடைசிச் சொல் போதாதா? செல்வி அன்றே உட்கார்ந்துவிட்டாள்.

வழக்கமாகப் பலகாரம் மாற்றிக்கொள்ளும் வீடுகள் நான்கு. யாருக்கு என்ன செய்வது? பளபளப்பாக எதையாவது கட்டிக் கொடுத்தால் வாங்கி மூலையில் போடுவார்கள். தினமும் கையில் எடுக்கும் பொருளாக இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

துரைப்பாண்டியின் அம்மா, எதிர்வீட்டுச் சண்முகசுந்தரி அத்தை, சாவிக்கொத்தைத் தொலைப்பதில் கெட்டிக்காரி. வாரம் ஒருமுறை தெருவே அதைத் தேடும். பால் வாளிக்குள் கூட ஒருதடவை கிடைத்திருக்கிறது. அத்தைக்கு இடுப்பில் செருகிக்கொள்ள மயில்கழுத்து நிறத்தில் ஒரு பெரிய சாவிக் குஞ்சம்.

பக்கத்து வீட்டு நல்லக்கண்ணு அண்ணாச்சி கடிகாரக் கடை வைத்திருக்கிறார். பெரியவர், சின்னவர், அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர், எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். கண்ணாடியைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டு, கண்ணாடி இல்லாமல் கண்ணாடியைத் தேடுவார். அவருக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கண்ணாடிக் கயிறு. கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப்பொடியாகப் பின்னியது.

கோடிவீட்டு ஆமினாள் மாமியின் மகள் ஷமீரா அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்குத் தொட்டிலில் தொங்கவிட ஐந்து நிறத்தில் குஞ்சம். பேச்சித்தாய் அக்காவுக்கு அவளைவிட அவள் ஆட்டின்மேல்தான் உயிர். ஆகவே ஆட்டுக்குக் கழுத்துப் பட்டை.

"ஆட்டுக்கெல்லாமா தீபாவளி?" என்று அருண் கேட்டான்.

"நமக்குத்தான் இல்ல. ஆட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் செல்வி.

கண்ணாடிக் கயிறுதான் அவளைப் படுத்தி எடுத்தது. ஒருமுறை பின்னியது முறுக்கிக்கொண்டது. இன்னொருமுறை ஒரு பக்கம் தடித்துப் போனது. பிரித்துப் பிரித்துப் பின்னி விரல் நுனி சிவந்துவிட்டது. தறிக்கூடத்திலிருந்து வந்த அப்பா அதை வாங்கி, இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இழை விடாம இருக்கு" என்றார். அப்பா தறியில் நெய்த துணியைப் பற்றிக்கூட அதற்குமேல் பாராட்டிச் சொன்னது கிடையாது. செல்விக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிட்டது.

தீபாவளி அன்று காலை செல்வியும் அருணும் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பலகாரங்கள் வந்து சேர்ந்தன. தீபாவளி கொண்டாடாத ஆமினாள் மாமிகூட, "இந்த வருசம் பிள்ளைகளுக்கு நம்ம வீட்டுப் பண்டம்" என்று சமோசா பொரித்து அனுப்பியிருந்தாள். அம்மா எல்லாவற்றையும் தன் டப்பாக்களில் கொட்டிக்கொண்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மதியம் அப்பாவும் அம்மாவும் பனவடலிசத்திரத்துக்குக் கிளம்பினார்கள். தாத்தா இல்லாத முதல் தீபாவளி. அந்த வீட்டில் அப்பாவின் பெரியம்மாவைத் தனியாக விடக்கூடாது.

"பொழுதடையமுன்ன வந்திருவோம். ஆமினாள் மாமிகிட்டச் சொல்லியிருக்கேன். ஏனத்தையெல்லாம் அவங்கவங்க வீட்டுல கொடுத்திரு. மாறிராம!" என்று சொல்லிக்கொண்டே அம்மா செருப்பை மாட்டினாள்.

"பேருதான் வெட்டியிருக்கே, எப்படி மாறும்?" என்றாள் செல்வி.

பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அது அம்மாவின் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

செல்வி பாத்திரங்களை நிமிர்த்தினாள். ஒரு தூக்குவாளி. அதன் பக்கவாட்டில் 'க. நல்லக்கண்ணு' என்று பெயர் வெட்டியிருந்தது. ஒரு சம்படம், அதாவது மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. அதில் 'சண்முகசுந்தரி'. ஒரு பெரிய கிண்ணம். அதில் 'ஆமினாள்'. பெயரே இல்லாத ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. அதற்குள் ஆட்டு மணம் லேசாக அடித்தது. யாருடையது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தூக்குவாளிக்குள் கண்ணாடிக் கயிறு. சம்படத்துக்குள் சாவிக் குஞ்சம். கிண்ணத்துக்குள் தொட்டில் குஞ்சம். டப்பாவுக்குள் ஆட்டுப் பட்டை. எல்லாவற்றையும் மூடி, அருணையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

பேச்சித்தாய் அக்கா அங்கேயே திறந்து பார்த்து, அங்கேயே ஆட்டுக்குக் கட்டி, "பாரேன், எம் பிள்ளைக்கு எப்படி எடுப்பா இருக்குன்னு!" என்றாள். ஆடு பட்டையின் ஒரு நுனியைத் தின்னப் பார்த்தது. ஆமினாள் மாமி தொட்டில் குஞ்சத்தைக் கண்டதும் செல்வியின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். குழந்தை அதையே பார்த்துக்கொண்டு காலை உதைத்தது.

சண்முகசுந்தரி அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். சம்படத்தைத் துரைப்பாண்டி வாங்கி வைத்தான். அவனுக்கு ராக்கெட்டுக்குப் பாட்டில் தேடும் வேலை இருந்ததால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, யார் கொண்டுவந்தது என்று அம்மாவிடம் சொல்லவும் மறந்துவிட்டான். அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கோமதித்தாய் மாமி யாரென்று எட்டிப் பார்க்காமலே அடுப்படியிலிருந்து, "அங்கன வச்சுட்டுப் போ மக்கா" என்று குரல் கொடுத்தாள். செல்வி வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து அருணும் அவளும் ஆளுக்கொரு சமோசாவை எடுத்தார்கள். அது செல்விக்கு அத்தனை ருசியாக இருந்தது. சும்மா வாங்கித் தின்னவில்லை அல்லவா?

சமோசா முடியவில்லை. வாசலில் சத்தம் கேட்டது.

"ஏம்மா சுந்தரி! வெளிய வாம்மா!" அது அண்ணாச்சியின் குரல். "காலையில வெடிக் குப்பைக்கு ரெண்டு வார்த்தை பேசுனேன், ஒத்துக்கிடுதேன். அதுக்காக உன் மக காதுகுத்துக்கு நான் கொடுத்த தூக்குவாளிய, எம் பேரு வெட்டுன தூக்குவாளிய, திருப்பி அனுப்பிட்டியே!"

"நல்லா இருக்கே கதை!" சண்முகசுந்தரி அத்தை ஈரத் தலையோடு வெளியே வந்தாள். அவள் கையில் சம்படம். "உங்க மகன் கல்யாணத்துக்கு எங்க வீட்டுல இருந்து கொடுத்த சம்படம் இது. இதத் திருப்பி அனுப்புனது யாரு அண்ணாச்சி? நானா?"

"நான் எதுக்கும்மா அனுப்புதேன்?"

"பின்ன நடந்தா வந்துச்சு? 'உன் சவகாசமே வேண்டாம்'னு சொல்லுததுக்கு இது ஒரு வழியா?"

விஷயம் சின்னதில்லை. விசேஷ வீட்டில் பெயர் வெட்டிக் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பி அனுப்புவது என்றால், இனி உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று பொருள். தெருவில் கதவுகள் திறந்தன. பட்டாசு வெடித்தவர்கள் ஊதுபத்தியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள்.

"அக்கா, அது நாம கொடுத்த ஏனம்லா?" என்றான் அருண்.

செல்வி பெயர் பார்த்துத்தானே கொடுத்தாள்! உள்ளே ஓடினாள். அடுக்களையில் சோறு வடிக்கும் பானையைத் திருப்பிப் பார்த்தாள். 'சுடலைராஜ், மேலநீலிதநல்லூர்' என்று இருந்தது. அது அம்மாவின் சித்தப்பா பெயர். அம்மா கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பானை. பெயர் அவருடையது. பானை இவர்களுடையது!

இத்தனை வருடம் அந்தப் பானையில் சோறு தின்றிருக்கிறாள். ஒருநாளும் யோசித்ததில்லை. பாத்திரத்தில் வெட்டியிருந்தது வைத்திருப்பவர் பெயர் அல்ல, கொடுத்தவர் பெயர். அண்ணாச்சி பெயர் போட்ட தூக்குவாளியில் முறுக்கு அனுப்பியது சுந்தரி அத்தை. அத்தை பெயர் போட்ட சம்படத்தில் மைசூர்பாகு அனுப்பியது அண்ணாச்சி வீடு. செல்வி இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

வெளியே குரல்கள் ஏறின. வெடிக் குப்பையில் தொடங்கிய சண்டை போன வருடத்துத் தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் போய்விட்டது.

செல்விக்கு அழுகை முட்டியது. அம்மா பயந்தது இதைத்தானே? துக்க வீட்டிலிருந்து ஒன்று போனது, இதோ சண்டை வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அம்மா வரும்வரை உள்ளேயே இருந்துவிடலாம். அம்மா வந்து பேசிக்கொள்வாள். ஆனால் அதற்குள் அந்தச் சொல்லை யாராவது சொல்லிவிட்டால்? பஸ்ஸை விட்டு இறங்கி வரும் அம்மா தெருமுனையிலேயே அதைக் கேட்க வேண்டுமா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அத்தை! அண்ணாச்சி!" என்று கூப்பிட்டாள். யார் காதிலும் விழவில்லை. "நான் சொல்லுதத கொஞ்சம் கேளுங்க!" என்று கத்தினாள். அதுவும் எடுபடவில்லை.

அப்போது டங், டங், டங் என்று ஒரு சத்தம். அருண் சாப்பாட்டுத் தட்டையும் தோசைக் கரண்டியையும் எடுத்து வந்து அடித்துக்கொண்டிருந்தான். தெருவே அவனைப் பார்த்தது.

"எங்க அக்கா பேசணுமாம்" என்று சொல்லிவிட்டு அவன் செல்வியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

இப்போது எல்லாரும் செல்வியைப் பார்த்தார்கள். துரைப்பாண்டியும் பார்த்தான். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"அண்ணாச்சி திருப்பி அனுப்பல. அத்தையும் அனுப்பல. நான்தான் மாத்திக் கொடுத்துட்டேன்" என்றாள். "அம்மா ஊருக்குப் போயிருக்காவ. பேரு பாத்து, யாரு பேரு இருக்கோ அவங்க வீட்டுல கொடுத்தேன். அது கொடுத்தவங்க பேருன்னு எனக்குத் தெரியல. இப்பத்தான் எங்க சோத்துப் பானையப் பாத்தேன். தப்பு எம் மேலதான்."

அத்தை கையிலிருந்த சம்படத்தைத் திருப்பி அதிலிருந்த பெயரைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க அனுப்பலையா?" என்றாள் அத்தை.

"நீயும் அனுப்பலையா?" என்றார் அண்ணாச்சி.

முதலில் சிரித்தது ஆமினாள் மாமிதான். "நானே வாங்கி எம் பேரு வெட்டுனது அந்தக் கிண்ணம் ஒண்ணுதான். மத்த ஏனம் பூரா ஊரார் பேருதான். அந்தக் கணக்குல பாத்தா எங்க வீட்டுல ஒரு கரண்டி மிஞ்சாது!" என்றாள். தெருவே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கக் கூடாது என்று மீசையைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் உள்ள திறந்து பாக்கலையா?" என்று செல்வி மெதுவாகக் கேட்டாள்.

"உள்ளயா? வந்த கோவத்துல எவன் மூடியத் திறந்தான்?" என்றார் அண்ணாச்சி. தூக்குவாளியைத் திறந்தார். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "என்னம்மா இது, கயிறா?"

"கண்ணாடிக் கயிறு அண்ணாச்சி. உங்க கண்ணாடி எங்க?"

அதுதான் தெரியவில்லை. அண்ணாச்சி சட்டைப் பையைத் தடவினார். தலையைத் தடவினார். கோமதித்தாய் மாமி உள்ளே போய், தலையணைக்கு அடியிலிருந்து கண்ணாடியை எடுத்து வந்தாள். செல்வி அதன் இரண்டு காதிலும் கயிற்றை மாட்டி அவர் கழுத்தில் போட்டுவிட்டாள். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டார். கழற்றிக் கையை விட்டார். அது கீழே விழாமல் நெஞ்சில் தொங்கியது. திரும்பவும் போட்டார், கழற்றினார்.

"கோமதி, இனிமே உன்னத் தேடச் சொல்ல மாட்டேன்" என்றார்.

"எனக்கு விடிஞ்சுது" என்றாள் மாமி.

சண்முகசுந்தரி அத்தை சம்படத்தைத் திறந்து சாவிக் குஞ்சத்தை வெளியே எடுத்தாள். மாலை வெயிலில் மயில்கழுத்து நூல் நீலமும் பச்சையுமாக மின்னியது. அத்தை அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

செல்விக்கு அம்மா பயந்தது நினைவுக்கு வந்தது. சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

"துக்க வீட்டுல இருந்து வந்ததுன்னு ஒண்ணும் நினைக்காதிய அத்தை. அடுப்புல இருந்து ஒண்ணும் வைக்கல. இது தறி நூலு. நானே கட்டுனது."

"ஏட்டி, என்ன பேசுத நீ?" என்றாள் அத்தை. "ஒரு வருஷம் உங்க வீட்டுல இருந்து ஒண்ணும் வராதேன்னுதான் எனக்கு மனசுக்குள்ள இருந்துச்சு. நீ இத நூலால செஞ்சியா? விரலப் பாரு, எப்படிச் சிவந்து கிடக்குன்னு!"

சாவிக்கொத்தைக் குஞ்சத்தில் மாட்டி இடுப்பில் செருகினாள். இரண்டு எட்டு நடந்து பார்த்தாள். குஞ்சம் ஆடியது. தேவையில்லாமல் இன்னும் இரண்டு எட்டு நடந்தாள்.

"சரி, அண்ணாச்சி, உங்க சம்படத்தப் பிடிங்க" என்று நீட்டினாள்.

"உன் தூக்குவாளியப் பிடிம்மா" என்று அவரும் நீட்டினார்.

"வெறும் ஏனமாவா?" என்றாள் செல்வி.

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. தீபாவளியும் அதுவுமாக வெறும் பாத்திரத்தை யாராவது கொடுப்பார்களா? காலையில் போட்ட சண்டையில் இரண்டு வீட்டுக்காரர்களும் இந்த வருடம் ஒருவருக்கொருவர் பலகாரமே கொடுத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் தெருவுக்குத் தெரிந்தது.

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார். அத்தையும் உள்ளே போனாள். திரும்பி வரும்போது தூக்குவாளி நிறைய மைசூர்பாகு இருந்தது. சம்படம் நிறைய முறுக்கு இருந்தது, மூடி மூடவில்லை.

"கொஞ்சம் அடிபிடிச்சிட்டு. வேற ஒண்ணும் நினைக்காத" என்றார் அண்ணாச்சி.

"வாசனை வந்தப்பவே தெரியும்" என்றாள் அத்தை.

துரைப்பாண்டி செல்வியின் அருகே வந்து நின்றான். "பம்பரத்துக்கு ஒரு கயிறு பின்னித் தருவியா?" என்று கேட்டான்.

"பாவம், தாரேன்" என்றாள் செல்வி.

பொழுது சாயும் நேரத்தில் அப்பாவும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தார்கள். தெருமுனையில் ஆமினாள் மாமி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்கிறாள் என்று செல்விக்குக் கேட்கவில்லை. அம்மா ஒருமுறை நெஞ்சில் கை வைத்தாள். அப்புறம் வாயில் கை வைத்தாள். அப்புறம் சிரித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் செல்விக்கு மூச்சு வந்தது.

அண்ணாச்சி வீட்டுக்கு ராஜபாளையத்திலிருந்து உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்திறங்கினாள். வந்தவள் அண்ணாச்சியின் கழுத்தையும் பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் நின்ற சுந்தரி அத்தையின் இடுப்பையும் பார்த்தாள்.

"நல்லா இருக்கே! ரெண்டும் எந்தக் கடையில வாங்குனது?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். சுந்தரி அத்தையும் திறந்தாள். அதற்குள் அம்மா விறுவிறுவென்று நடந்து வந்து அவர்களுக்கு நடுவில் நின்றாள். கையில் பை, காலெல்லாம் புழுதி, முகமெல்லாம் வேர்வை.

"கடையில வாங்குனது இல்ல. எம் மவ பண்ணுனது" என்றாள்.

வந்த பெண், "அப்படியா!" என்றாள். அம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். தோளோடு செல்வியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, தெருக்கோடி வரை கேட்கும்படி இன்னொரு தடவையும் சொன்னாள்.

"எம் மவ பண்ணுனது!"